டிபன் கேரியரில் ஒரு கேக்: அப்பாவின் அறுபதாம் பிறந்தநாள்

அப்பாவுக்கு 2024 மே மாதம் அறுபது முடிந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். எந்த ஷிப்ட் என்றாலும் கையில் நாலு அடுக்கு எவர்சில்வர் கேரியர் இருக்கும். கல்யாணச் சீரில் வந்தது. மூடியில் பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிய இனிஷியலும் 1989 என்ற வருடமும் இன்னும் தெரியும். அறுபதாம் பிறந்தநாளுக்கு என்ன கேக் என்று யோசித்தபோது வேறு எதுவும் தோன்றவில்லை. கேரியர் உருவத்தில் ஒரு கேக். அவ்வளவுதான் திட்டம்.

அந்தக் கேக் முதல் தடவை சரிந்து விழுந்தது. இரண்டாம் தடவை வேறு வழியில் செய்ததில் வந்தது. இரண்டையும் குறிப்பு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அதை விரித்துத்தான் இதை எழுதுகிறேன். நான் கேக் விற்பவள் இல்லை. எட்டு வருடமாக வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் செய்து கொடுக்கிறேன், அவ்வளவே.

கையில் இருந்த நிலவரம்

நான் இருப்பது மதுரையில். விழா ராஜபாளையத்தில், நடுவில் ஏறக்குறைய 85 கிலோமீட்டர். கத்திரி வெயில் காலம். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, முட்டை தொடமாட்டார். அவர் சாப்பிட முடியாத கேக்கை அந்த வீட்டில் வெட்ட முடியாது. வருபவர்கள் நாற்பது பேர். மண்டபம் கிடையாது, வீட்டு மொட்டைமாடியில் பந்தல். ஃபிரிட்ஜில் பாயசத்துக்கே இடம் பத்தாது என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் முதலில் உட்கார்ந்து வரைந்தது படத்தை. வெள்ளி நிறத்தில் நாலு அடுக்கு, இரண்டு பக்கமும் கம்பி, மேலே கைப்பிடி. படம் அழகாக வந்துவிட்டது. அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது.

முதல் முயற்சி

விழாவுக்குப் பத்து நாள் முன்பு ஒத்திகை வைத்தேன். நல்லவேளை.

6 அங்குல வட்டத் தட்டில் நாலு கேக். முட்டை இல்லாத கேக் என்றால் நம் வீடுகளில் முதலில் கை போவது கன்டென்ஸ்டு மில்க் டின் பக்கம்தான். 400 கிராம் டின்னுக்கு மைதா 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், பேக்கிங் பவுடர், சோடா, பால். இந்தக் கலவையை இரண்டு முறை செய்தேன். ஒவ்வொரு கேக்கும் 5 சென்டிமீட்டர் உயரம் வந்தது. இடையில் வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் அடித்த பட்டர் ஐசிங். மேலே சாம்பல் கலந்த வெள்ளை ஃபாண்டன்ட் (மாவு மாதிரி தேய்த்துப் போர்த்தும் சர்க்கரைப் பிசைவு) போர்த்தி, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் ஒரு கோடு. எல்லாம் சேர்த்து 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், எட்டரை அங்குல உயரம்.

வெள்ளிப் பளபளப்புக்கு இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித் தாள் வாங்கலாம் என்று போனேன். பழைய முறையில் அந்தத் தாளை மாட்டுக் குடல் சவ்வுகளுக்கு நடுவில் வைத்துத் தட்டி மெல்லியதாக்குவார்கள். விலங்குப் பொருள் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் விதி கொண்டுவந்தது. அத்தையை நினைத்து, பாக்கெட்டில் விவரம் அச்சடிக்காத தாளை எடுக்காமல் வந்துவிட்டேன். அலங்காரப் பொடிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘நச்சற்றது’ என்று எழுதியிருந்தால் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை, ‘உண்ணத்தக்கது’ என்று இருக்க வேண்டும். இரண்டும் கடையில் ஒரே அலமாரியில்தான் இருக்கும்.

கேக்கை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலை பதினோரு மணிக்குக் காரில் ஏற்றினோம். திருமங்கலம் வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. தம்பி ஓட்டினான், நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஏசி போட்டிருந்தோம்.

திருமங்கலம் நெருங்கும்போது ஒரு வேகத்தடை. கார் மெதுவாகத்தான் ஏறி இறங்கியது. “அக்கா, கேரியர் சாயுதே” என்றான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே. பார்த்தால் மேல் இரண்டு அடுக்கும் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கிறது. கையால் தாங்கினேன். ஃபாண்டன்ட் வியர்த்து, பிசுபிசுவென்று விரல் அதற்குள் போனது. வீடு திரும்பும்போது கேரியர் இல்லை, குப்புறக் கவிழ்ந்த குண்டான் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

வெட்டிப் பார்த்தது

கோபத்தில் முதலில் வெயிலைத் திட்டினேன். அப்புறம் கத்தியை எடுத்து நடுவில் நெடுக வெட்டினேன். வீணான கேக்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் வெட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். உள்ளே எல்லாம் எழுதி வைத்த மாதிரி தெரியும்.

அடிக் கேக் 5 சென்டிமீட்டரில் இருந்து 4-க்கும் கீழே அமுங்கிப் போயிருந்தது. அதன் தலைக்கு மேல் 2 கிலோவுக்கு மேல் கனம். முட்டை சேர்த்த கேக்கில், சூடு ஏறியதும் முட்டையின் புரதம் கெட்டியாகிக் கூடு மாதிரி நிற்கும். முட்டை இல்லாதபோது மைதாவின் பசையமும் வெந்த மாவுச்சத்தும் மட்டும்தான் தாங்க வேண்டும். அதிலும் கன்டென்ஸ்டு மில்க் கேக் சர்க்கரையும் கொழுப்பும் நிறைந்தது, வாயில் கரைகிற அளவுக்கு மெது. சாப்பிட அதுதான் சுகம், சுமக்க அது ஆகாது. அடுக்குகளுக்கு நடுவில் அட்டையும், அதைத் தாங்கக் கட்டியான ஸ்ட்ராவோ குச்சியோ வைத்திருக்க வேண்டும். ‘ஆறு அங்குலம்தானே’ என்று விட்டுவிட்டேன். அது முழுக்க என் தப்பு.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பட்டர் ஐசிங் எண்ணெய் விட்டு, வழுக்குப் பாறை மாதிரி இருந்தது. வெண்ணெய் முழுதாக உருகுவது 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள். ஆனால் பிடிமானம் போவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, 25 தாண்டினாலே தளர ஆரம்பிக்கும். அன்றைக்கு என் அடுப்படியிலேயே வெப்பமானி 36 காட்டியது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தபோது கல் மாதிரி இருந்த ஐசிங், மடியில் இருந்த முக்கால் மணி நேரத்தில் ஓரத்திலிருந்து இளகிவிட்டது.

ஃபாண்டன்ட் வியர்த்ததற்கு ஃபிரிட்ஜ்தான் காரணம். குளிர்ந்த பொருளைச் சூடான காற்றில் வைத்தால் அதன் மேல் நீர்த்துளி பிடிக்கும், சில்லென்ற தண்ணீர் டம்ளரில் பார்ப்பதுதான். ஃபாண்டன்ட் முழுக்கச் சர்க்கரை. அந்த நீரை அதுவே இழுத்துக்கொண்டு பாகாக மாறும். பெட்டியை மூடியபடியே வெளியே வைத்துச் சூட்டுக்கு வரவிட்டிருந்தால் நீர் பெட்டியின் மேல் பிடித்திருக்கும், கேக்கின் மேல் பிடித்திருக்காது. ஆனால் அப்படிச் செய்திருந்தால் உள்ளே ஐசிங் இளகியிருக்கும். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும். ஆக அந்த வடிவமே நம் ஊர் மே மாதத்துக்கு ஆகாதது. பட்டர் ஐசிங்குக்குப் பதில் சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ் போட்டு, அட்டை வைத்து, குச்சி செருகிச் சரிபண்ணலாம்தான். விற்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அந்த அளவு தைரியம் மிச்சம் இல்லை.

அம்மாவின் ஒரு கேள்வி

சரிந்த கேக்கை அன்று ராத்திரி வீடியோ அழைப்பில் அம்மாவிடம் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, “ஏண்டி, கேரியர் மாதிரி கேக் செய்ய எதுக்கு இவ்வளவு பாடு? கேரியர்லயே கேக்கைச் சுட வேண்டியதுதானே” என்றார்.

அதோடு முடிந்தது. கேரியர் என்ற பாத்திரமே எதற்காக உண்டானது? சாப்பாட்டைச் சிந்தாமல், நசுங்காமல், பஸ்ஸிலும் சைக்கிளிலும் கொண்டுபோக. ஒவ்வோர் அடுக்கின் கனத்தையும் கீழே உள்ள டப்பாவின் விளிம்பு தாங்கும், உள்ளே இருக்கும் சோறு தாங்காது. நான் குச்சியும் அட்டையும் வைத்துச் செய்ய மறந்த வேலையை எவர்சில்வர் 1989-இலிருந்து செய்துகொண்டிருக்கிறது.

மலபாரில் ஒரு கதை சொல்வார்கள். 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் தோட்ட முதலாளி, சீமையிலிருந்து வந்த பிளம் கேக் ஒன்றைக் கொண்டுவந்து தலசேரியில் பிஸ்கட் ஆலை வைத்திருந்த மம்பள்ளி பாபுவிடம் காட்டி, இதே மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டாராம். பாபு தர்மடத்துக் கொல்லரிடம் அச்சு வாங்கி, உள்ளூர் வாசனைச் சாமான் போட்டு, உள்ளூர்ச் சாராயம் சேர்த்துச் செய்து கொடுத்ததாகச் சொல்கிறார்கள். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அம்மாவும் மணல் நிரப்பிய அலுமினியச் சட்டியில், விசில் போடாத குக்கரில் கேக் சுட்ட தலைமுறை. கையில் இருக்கும் பாத்திரத்தைப் பார்த்து யோசிப்பது அவருக்கு இயல்பாக வருகிறது. எனக்குப் படத்தைப் பார்த்து யோசித்துப் பழகிவிட்டது.

மறுநாளே கேரியர் அப்பாவுக்குத் தெரியாமல் பரணிலிருந்து இறங்கி, தம்பி கையில் மதுரை வந்து சேர்ந்தது.

இரண்டாம் முயற்சி: மத்தியானச் சாப்பாடு

டப்பா நிஜம் என்று ஆனதும் வேலை திசை மாறியது. வெளியே அலங்கரிக்க ஒன்றுமில்லை. உள்ளே என்ன என்பதுதான் வேடிக்கை. அப்பா ஆலைக்குக் கொண்டுபோன அதே சாப்பாடு: அடியில் சாதம், அதற்கு மேல் முருங்கைக்காய் சாம்பார், மூன்றாவதில் உருளைக்கிழங்கு வறுவல், உச்சியில் தயிர் சாதம். எல்லாம் கேக்.

டப்பா ஒவ்வொன்றும் 800 மில்லி பிடித்தது. தண்ணீர் ஊற்றி அளந்தேன். பாதிதான் மாவு ஊற்ற வேண்டும். இந்த முறை கன்டென்ஸ்டு மில்க்கை விட்டுவிட்டுத் தயிர்க் கேக். மூன்று டப்பாவுக்கு மைதா 310 கிராம், சோளமாவு 30 கிராம், சர்க்கரை 270 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 430 கிராம், வாசனை இல்லாத எண்ணெய் 200 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டேகால் தேக்கரண்டி, சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி, வெனிலா. கப் அளவு தரவில்லை, காரணம் இருக்கிறது. மைதாவைக் கப்பில் அமுக்கி எடுப்பதற்கும் தூவி எடுப்பதற்கும் நடுவே கப்புக்கு 20, 30 கிராம் எளிதாக வித்தியாசப்படும். தராசு ஒன்று வாங்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

சோடா தயிரின் புளிப்போடு சேர்ந்த உடனே பொங்கத் தொடங்கிவிடும். அந்தக் காற்று நமக்காகக் காத்திருக்காது. அதனால் ஓவன் சூடேறி, டப்பாவில் எண்ணெய் தடவி, அடியில் வட்டக் காகிதம் போட்ட பிறகுதான் ஈரமும் உலர்ந்ததும் சேர வேண்டும். பேக்கிங் பவுடர் கொஞ்சம் பொறுமைசாலி. அதன் ஒரு பங்கு சூடு பட்ட பிறகுதான் வேலை செய்யும்.

முதலில் ஒரு டப்பாவை மட்டும் 180 டிகிரியில் வைத்துப் பார்த்தேன். 35 நிமிடத்தில் மேலே செம்பழுப்பு, நடுவே கூழ். எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் சோம்பேறி. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, போதாததற்குப் பளபளப்பு வேறு சூட்டைத் திருப்பி அனுப்பும். கேக் தட்டுகளை அலுமினியத்தில் செய்வது சும்மா இல்லை. அதோடு என் ஓடிஜியும் (மேசை மேல் வைக்கும் சின்ன மின் ஓவன்) பொய் சொல்லியது. உள்ளே தனி வெப்பமானி வைத்தால், திருகு 180-இல் இருக்கும்போது 195 காட்டியது. எட்டு வருடம் அதில் சுட்டிருக்கிறேன், இப்போதுதான் தெரிகிறது!

உள் வெப்பமானியில் 155 நிற்கும்படி திருகை இறக்கி, 50 நிமிடம் வைத்தபோது சரியாக வந்தது. நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வெளியே வந்தது, மேற்பரப்பும் மேடு கட்டாமல் மட்டமாக இருந்தது. ஆறும்வரை டப்பாக்களை மூடக் கூடாது. கொஞ்சம் சூடு இருக்கும்போதே மூடினால் மூடியில் நீர் கோத்து கேக் மேல் சொட்டும். மூன்று மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே திறந்து வைத்தேன்.

சாதம்: வெள்ளை ஃபாண்டன்ட்டை ஓமப்பொடி அச்சில் பிழிந்து, பத்து நிமிடம் காயவிட்டு, கத்திரிக்கோலால் அரிசி நீளத்துக்கு வெட்டினேன். மதுரை மே மாதத்துக் காய்ந்த காற்று இங்கே கூட்டாளியாகிவிட்டது. மணிமணியாக ஒட்டாமல் வந்தது. பொன்னி அரிசி நீளமா, இட்லி அரிசி நீளமா என்று தம்பி விவாதம் பண்ணிக்கொண்டே பாதியைத் தின்றான்.

சாம்பாரில்தான் அதிக நேரம் போனது. திரவம் மாதிரி தெரிய வேண்டும், காரில் அலம்பவும் கூடாது. ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது, அதனால் ஆகாது. ஆகும் என்றாலும் 30, 35 டிகிரியிலேயே கரைந்துவிடும். கடல்பாசி என்று நாம் சொல்லும் அகர்தான் இதற்குப் பொருத்தம். 40 டிகிரி வாக்கில் உறையும், உறைந்த பிறகு 85 டிகிரிக்குப் போனால்தான் திரும்ப இளகும். காருக்குள் அவ்வளவு சூடு வந்தால் கேக்கைவிட நமக்கே ஆபத்து. தண்ணீர் 250 மில்லி, வெல்லம் 100 கிராம், அகர் தூள் 2 கிராம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, அகர் போட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், இல்லாவிட்டால் உறையாது. நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், துளி ஆரஞ்சு நிறம். அப்படியே ஊற்றினால் கேக் ஸ்பாஞ்ச் மாதிரி குடித்துவிடுகிறது. அதனால் முதலில் மெல்லிய ஒரு பூச்சு ஊற்றி உறையவிட்டு, அதன் மேல் மீதியை ஊற்றினேன். பச்சை ஃபாண்டன்ட்டில் முருங்கைக்காய், கத்தி முதுகால் கோடு. இரண்டு சின்ன வெங்காயம். தூரத்திலிருந்து பார்த்தால் கரண்டி போடத் தோன்றும்.

உருளைக்கிழங்குக்குத் தனிக் கேக் சுடவில்லை. நாற்பது பேருக்குப் பரிமாற எப்படியும் பெரிய சதுரத் தட்டில் இரண்டு கேக் சுட்டிருந்தேன். அதன் ஓரங்களைத் துண்டு துண்டாக வெட்டி, நாட்டுச் சர்க்கரை, பட்டைத்தூள், கொஞ்சம் உருகிய வெண்ணெய் போட்டுப் புரட்டி, 150 டிகிரியில் 20 நிமிடம் மொறுமொறுப்பாக்கினேன். இதுதான் இருப்பதிலேயே சுலபமானது.

தயிர் சாதத்துக்கு நிஜத் தயிரோ, அடித்த கிரீமோ வைக்க ஆசை இருந்தது. வைக்கவில்லை. பால் பொருளை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 டிகிரி தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. எங்களுக்குப் பயணமே இரண்டு மணி நேரம். வெள்ளை காம்பவுண்டு சாக்லேட் 300 கிராமுக்குக் கிரீம் 100 கிராம் மட்டும் சேர்த்துக் கெட்டியான கனாஷ் செய்து, அதில் மீந்த ஃபாண்டன்ட் அரிசியைக் கலந்து பரப்பினேன். சுவைக்கு நிஜ சாக்லேட்டுதான் உசத்தி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குள் உருகிவிடும். காம்பவுண்டில் இருக்கும் தாவரக் கொழுப்பு வெயிலுக்கு அதைவிடக் கொஞ்சம் தாக்குப் பிடிக்கிறது. கடுகுக்குக் கறுப்பு எள். மாதுளை முத்துக்களையும் கறிவேப்பிலையையும் ராஜபாளையம் போன பிறகுதான் வைத்தேன்.

பயணமும் மேசையும்

நாலு டப்பாவையும் அடுக்கி, கம்பியைப் பூட்டி, காலுக்கு நடுவில் தரையில் வைத்துக்கொண்டேன். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நிறுத்தி, வண்டி பதினைந்து நிமிடம் வெயிலில் நின்றதுதான் ஒரே பயம். போய்த் திறந்து பார்த்தேன். சாதத்தில் நாலைந்து பருக்கை ஓரத்துக்குப் போயிருந்தது. சாம்பார் அசையவில்லை. கனாஷ் மட்டும் விரலால் தொட்டால் பதியும் அளவுக்கு இளகியிருந்தது, தயிர் சாதத்துக்கு அது இன்னும் பொருத்தமாகப் போய்விட்டது.

மாலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் மேசை நடுவில் கேரியரை வைத்தோம். எல்லோரும் கேக் எங்கே என்று தேடினார்கள். அப்பா பரணில் இருக்க வேண்டிய சாமான் இங்கே எப்படி வந்தது என்று பார்த்தார். “இன்னைக்கு யாருக்கு ஷிப்ட்?” என்று கேட்டபடியே, பழகிய கையால் கம்பியைத் தட்டி விடுவித்தார். நாலு டப்பாவையும் வரிசையாக வைத்தார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “ஊறுகாய் வைக்கலையா?” என்றார்.

அத்தை, சாம்பார் டப்பாவில் முட்டை இல்லை என்று மூன்று தடவை உறுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் சாப்பிட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டியோடு நிறுத்தினோம். சதுரக் கேக் எல்லோருக்கும் துண்டு போட்டுக் கொடுத்தோம். உருளைக்கிழங்கு வறுவல்தான் முதலில் காலியானது, பிள்ளைகள் கையாலேயே அள்ளித் தின்றுவிட்டார்கள். தயிர் சாதத்தில் இனிப்பு அதிகம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். சரிதான். ஃபாண்டன்ட்டும் வெள்ளை காம்பவுண்டும் சேர்ந்தால் தித்திப்பு திகட்டும். அடுத்த தடவை கேக் மாவில் சர்க்கரையை 200 கிராமுக்கு இறக்கி, கனாஷில் எலுமிச்சைத் தோல் துருவிப் போடலாம் என்று நோட்டில் குறித்திருக்கிறேன்.

சாம்பாரில் மட்டும் கால் டப்பா மிச்சம். மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது அம்மா அதையும், இன்னொரு அடுக்கில் நிஜமான எலுமிச்சை சாதத்தையும் வைத்து, கம்பியைப் பூட்டிக் கையில் கொடுத்தார். திருமங்கலம் தாண்டும்வரை தம்பி அதைத் திறக்க விடவில்லை.